கேமரா முழுக்க என் முதுகு

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூரில் இருந்தோம். என் கணவரின் குடும்பம் அந்த ஊர்க்காரர்கள். வயலெல்லாம் மனையாகிவிட்ட பிறகு அவர்கள் பங்குக்கு வந்த இடத்தில் ஒரு வீடு. கீழே நாங்கள், மாடியில் கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

அவளுக்கு நான்கு வயதிலிருந்து வலிப்பு இருந்தது. வலிப்பு என்றதும் எல்லோரும் நினைப்பது போலக் கீழே விழுந்து கை கால் வெட்டி இழுப்பது கிடையாது. விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று நின்று, "அம்மா, வயித்துல என்னமோ பண்ணுது" என்பாள். அடுத்த நொடி கண் ஒரே இடத்தில் நிலைத்துவிடும். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, களைத்துப்போய்த் தூங்கிவிடுவாள்.

மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. அலாரம் வைத்துக் கொடுப்பேன். கொடுத்த பிறகு, கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து அட்டையைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, இது நேற்றுக் கிழித்த இடமா இன்றைக்குக் கிழித்ததா என்று யோசிப்பேன். இத்தனை செய்தும் அது வாரா வாரம் வந்துகொண்டேதான் இருந்தது.

அண்ணிக்கு என் மகள் என்றால் உயிர். அவர்தான் எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது குழந்தைக்கு வந்துவிட்டது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணி எழுந்து வந்து, தன் புடவை முந்தானையை இழுத்து அவள் முகத்தோடு சேர்த்து மூடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னாம்மா நீ, பாத்துகினே நிக்கற? பொட்டப் புள்ள. நாளைக்குப் பொண்ணு கேக்க வரவன் இந்த மண்டபத்துல சாப்ட்டவனோட சொந்தக்காரனாதான் இருப்பான். வந்துச்சுன்னா மூடிடு, அவ்ளோதான்."

படித்தவள் நான். அது சரியில்லை என்று தெரியும். ஆனால் பயமும் இருந்தது. ஒருவேளை அண்ணி சொல்வதுதான் சரியோ என்று தோன்றியது. அன்றிலிருந்து குழந்தை "வயித்துல" என்று சொன்ன மாத்திரத்தில் என் கை தோளுக்குப் போய்விடும். முந்தானையால் அவளை மூடி, நெஞ்சோடு அணைத்து, ஆட்களுக்கு முதுகைக் காட்டிவிடுவேன். கொஞ்ச நாளில் யோசிக்காமலே செய்ய ஆரம்பித்தேன். வீட்டில் யாருமே இல்லாதபோதுகூட.

ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. வழக்கம் போல மூடிக்கொண்டேன். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த கொய்யாப்பழக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு கொயந்தைக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா, தூங்கறா."

"தூங்கற கொயந்தைய ஏம்மா மூட்டை மாதிரி கட்டிகினு கீற? காத்து வர்ட்டும், உடு."

நான் விடவில்லை. எழுந்து பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் சொல்லி, நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். குழந்தைகளுக்கு வரும் வலிப்பை மட்டுமே பார்க்கிற ஒரு பெண் டாக்டர் அங்கே இருந்தார். மாத்திரைக்கு அடங்காத சில வலிப்புகளை ஆபரேஷனில் நிறுத்த முடியும், இவளுக்கு அது பொருந்துமா என்று பார்க்கலாம் என்றார். தலையில் ஆபரேஷன் என்றதும் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஆறுதலா எனக்கா என்று தெரியவில்லை.

முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழந்தையின் தோடு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும், ஆடினால் படம் கலங்கிவிடும் என்றார்கள். இவள் ஒரு இடத்தில் இருக்கிறவளே இல்லை. மயக்க மருந்து கேட்டுவிடலாமா, கேட்டால் அது வேறு ஏதாவது செய்யுமா என்று நான் வாசலில் தவித்துக்கொண்டிருந்தேன். அவள் சமர்த்தாகப் படுத்திருந்துவிட்டு வெளியே வந்தாள்.

"பயமா இருந்துச்சா?"

"இல்லம்மா. நம்ம பக்கத்து மனையில போர் போட்டாங்களே, அதே சத்தம். தண்ணி வந்துச்சான்னு கேளு."

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மூளையின் வலது பக்கத்தில், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதாம். வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்றால் அந்த இடத்தை எடுத்துவிடலாம். ஆனால் மூளையின் மின்னலைகளைக் கோடுகளாகக் காட்டும் இ.இ.ஜி. ஒன்று முன்பே எடுத்திருந்தோம்; அதில் இரண்டு பக்கமும் கோளாறு தெரிந்தது.

"தழும்பு இருக்குங்கறதால வலிப்பு அங்கேருந்துதான் வரணும்னு இல்ல. அது பாட்டுக்கு சும்மாகூட இருக்கலாம். தப்பான இடத்தை எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாதும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. வலிப்பு வரும்போது எந்தக் கை விறைக்குது?" என்று கேட்டார்.

நான் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ரெண்டு கையும்... இல்ல, வலது கைன்னு நினைக்கறேன்."

"இல்லல்ல, இடது" என்றார் கணவர். அப்புறம் அவரே, "சரியா பார்க்கல டாக்டர், நான் பெரும்பாலும் வேலைக்குப் போயிடுவேன்" என்றார்.

"முகம் ஒரு பக்கமா இழுக்குதா? தலை திரும்புதா?"

எனக்குத் தெரியவில்லை. இந்த உலகத்தில் அவளுடைய வலிப்பு அத்தனைக்கும் கூட இருந்த ஒரே ஆள் நான். ஒரு கேள்விக்குக்கூட என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பரவாயில்ல, அதுக்குத்தான் கேமரா இருக்கு" என்றார்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தலை முழுக்க ஒயர் ஒட்டி, இராப்பகலாக இ.இ.ஜி. ஓடவிடுவார்கள். கூடவே ஒரு கேமரா அவளைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். வலிப்பு வரும்போது மூளைக்குள் நடப்பதும் வெளியே உடம்பில் நடப்பதும் ஒரே திரையில் பதிவாகும். அது எம்.ஆர்.ஐ.யோடு ஒத்துப்போனால் ஆபரேஷன். ஒத்துப்போகாவிட்டால் இல்லை. அந்த அறை ஒன்றுதான் இருந்தது. எங்களுக்கு அந்த வாரம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் வேறு குழந்தைகள் காத்திருந்தார்கள்.

அண்ணிக்கு இதில் பெரிய கவலை ஒன்று இருந்தது. "வீடியோ எடுப்பாங்களாமே? நாளைக்கு யார் கையிலயாவது மாட்டிகினா?"

"டாக்டருங்க மட்டும்தான் பார்ப்பாங்க அண்ணி."

"டாக்டருக்கு மட்டும் சொந்தக்காரங்க இல்லியா?"

நான் பையில் துணி அடுக்கப் போய்விட்டேன்.

எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒயர் ஒட்டாதாம். அண்ணி ஆசி சொல்கிற சாக்கில் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்துவிடுவாரோ என்று, கிளம்புகிற வரை குழந்தையை அவர் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒயர் ஒட்ட வந்த டெக்னீஷியனுக்கு என் வயதுதான் இருக்கும். கலகலப்பான பெண். பசை வைத்து ஒவ்வொரு ஒயராக ஒட்டி, மேலே வெள்ளைத் துணி சுற்றி, எல்லா ஒயரையும் பின்னால் சேர்த்துக் கட்டினாள். என் மகள் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இது எங்க வீட்டு கேபிள் டி.வி. ஒயர் மாதிரியே இருக்கு. எந்தெந்த சானல் வரும்?"

"இப்போதைக்கு உன் சானல் மட்டும்தான். ரெண்டு பக்கமும் லைவ்" என்றாள் அவள்.

எனக்கும் பாடம் நடந்தது. வலிப்பு ஆரம்பித்ததும் கட்டிலோரம் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். போர்வையை எடுத்துவிட வேண்டும். கேமராவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். 'நீலக் குடை' என்று சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். தெளிந்த பிறகு அது நினைவிருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள். நான் எல்லாவற்றையும் ஒப்பித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான், ஒப்பிப்பதில் முதல் ஆள்.

பிறகு காத்திருந்தோம். நான்கு வருடமாக எது வரக் கூடாது என்று வேண்டினேனோ, அது வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சாமியிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. வரட்டும் என்று கேட்டால், அப்புறம் அதையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால்? ஒன்றும் கேட்காமல் கையை மட்டும் கூப்பினேன்.

அது வந்தது ஒரு மத்தியானம். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மயிலுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மயிலுக்குச் சிவப்புக் கால் வைக்கலாமா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "அம்மா, வயித்துல..." என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கதவு திறந்ததும், டெக்னீஷியன், "மேடம்! நகருங்க மேடம்! முகம் தெரியல!" என்று கத்தியதும் மட்டும் காதில் கேட்டது. யாரோ வருகிறார்கள் என்பதுதான் என் மூளைக்கு எட்டியது. யாரோ வருகிறார்கள், பார்த்துவிடுவார்கள் என்று இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

மாலையில் டாக்டர் வந்து பதிவைப் போட்டுக் காட்டினார். திரை முழுக்க என் முதுகு. கத்தரிப்பூ நிறப் புடவை, கொண்டை ஊசி, காலையில் வைத்த கொஞ்சம் மல்லிகை. கீழே ஓரத்தில் என் மகளின் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ஓடிய இ.இ.ஜி. கோடுகள் கிறுக்கல் கிறுக்கலாக இருந்தன. நான் இழுத்துக் கட்டிக்கொண்டதில் இரண்டு ஒயர் பிய்ந்துவிட்டதாம். பொத்தானை நான் தொடவே இல்லை.

"புடவை நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர். "ஆனா நான் உங்க பொண்ணைப் பார்க்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இன்னும் நாள் இருக்கு, பார்ப்போம். வரலைன்னா இன்னொரு தடவை வந்து படுக்க வேண்டியிருக்கும். அது எப்போ கிடைக்கும்னு இப்போ சொல்ல முடியாது." அவர் போன பிறகு நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழந்தைக்கு வந்தது வீணாகப் போயிற்று. மாத்திரையைக் குறைத்து, வரவழைத்து, வந்ததை நானே மூடிவிட்டேன்.

அன்று மாலை அண்ணி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். முடிச்சூரிலிருந்து பஸ், தாம்பரத்திலிருந்து ரயில், அங்கிருந்து ஆட்டோ. தினமும் வந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயய்யோ! எவ சொன்னா உன்ன மூடச் சொல்லி?"

"நீங்கதான் அண்ணி."

கூடையைக் கீழே வைத்தார். பிறகு, "நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டியா நீ? பருப்ப குக்கர்ல வைக்காத, ருசி போய்டும்னு எத்தினி வாட்டி சொன்னேன், கேட்டியா? இதை மட்டும் கெட்டியா புடிச்சுகினியே!" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். அவர் கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது.

"அண்ணி, நாளைக்கு வரும்போது என்னோட சுடிதார் ஒண்ணு கொண்டு வாங்க. துப்பட்டா வேணாம்."

"இன்னாது?"

"புடவை கட்டினா கை தானா போயிடுது. துப்பட்டா இருந்தாலும் அதேதான். மேல போட்டுக்க ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"இத்தினி டாக்டருங்க வந்துகினு போய்கினு கீறாங்க. ஆம்பளைங்க வேற. துப்பட்டா இல்லாம நிப்பியா?"

"நிப்பேன் அண்ணி."

மறுநாள் காலை சுடிதார் வந்தது. உள்ளே மடிப்புக் கலையாமல் துப்பட்டாவும் இருந்தது. "இருக்கட்டும், ஒரு அவசரத்துக்கு" என்றார். நான் அதை எடுத்து அவர் மடியிலேயே போட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கூடைக்குள் வைத்து, மேலே டிபன் பாக்ஸை வைத்து அமுக்கினார்.

உடை மாற்றிக்கொண்டு வந்தபோது எனக்கே என்னவோ போல இருந்தது. அறைக்குள் வந்த டெக்னீஷியன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "சூப்பர் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணி கொண்டுவந்த இட்லியைக் குழந்தை கையால் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி தெருவில் நடந்த ஏதோ ஒரு நாய்க்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை பாதியில் இருந்தபோது அவள் கை நின்றது.

"அம்மா, வயித்துல..."

என் கை தோளுக்குப் போனது. அங்கே ஒன்றுமே இல்லை. விரல்கள் வெறும் தோளைத் தடவிவிட்டு நின்றன. அந்த ஒரு நொடிதான் எனக்கு வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினேன். தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, போர்வையை உருவிவிட்டு, கட்டிலின் தலைமாட்டுக்கு, கேமரா படாத பக்கமாகப் போய் நின்றேன்.

அண்ணி எழுந்துவிட்டார். அவர் கையும் முந்தானைக்குப் போயிருந்தது. பாதி இழுத்தும்விட்டார்.

"அண்ணி, வேணாம்!"

அவர் நின்றார். கையில் பிடித்த முந்தானையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி, வீட்டு வேலைக்கு இறங்குகிறவர் போல, இடுப்பில் அழுத்திச் செருகிக்கொண்டார்.

"பாப்பா, அம்மா பேசறது கேக்குதா? கையைத் தூக்கு. நீலக் குடை. நீலக் குடைன்னு ஞாபகம் வச்சுக்கோ."

அவள் தூக்கவில்லை. நான் பார்த்தேன். முதல் தடவையாக, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என் மகளைப் பார்த்தேன். இடது கை மெல்ல எழுந்து, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி, விரல்கள் விறைத்து அப்படியே நின்றது. வலது கை மடியில் இருந்த கவுன் துணியைப் பிடித்துக் கிள்ளிக்கொண்டிருந்தது, கீரை ஆய்வது போல, நிதானமாக, ஒவ்வொரு இலையாக. வாய் மென்றது. கண் அகலத் திறந்திருந்தது. டெக்னீஷியன் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, அவளும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூடிக்கொண்டிருந்த இத்தனை காலத்தில் என் மனதுக்குள் அந்த முகம் பயங்கரமாக வளர்ந்திருந்தது. நேரில் அது அப்படி இல்லை. அது என் குழந்தையின் முகம்தான். எங்கேயோ கொஞ்சம் தூரமாகப் போயிருந்தது, அவ்வளவே.

தெளிந்து, கொஞ்ச நேரம் தூங்கி எழுந்தாள். டெக்னீஷியன், "அம்மா உன்கிட்ட என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். 'நீலக் குடை' என்று எடுத்துச் சொன்னதும், "எதுக்கு? மழையா?" என்றாள்.

அறையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தபோது அவள் என்னைக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு அது வரும்போது நான் என்ன பண்ணுவேன்?"

இதை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். "ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அன்றைக்குச் சொல்வதற்கு என்னிடம் ஏதோ இருந்தது.

"இடது கை இப்படி மடங்கிடும். வலது கையால கவுன்ல கீரை ஆய்வே. வாய் சும்மா மெல்லும்."

நான் செய்து காட்டினேன். அவள் உன்னிப்பாகப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்துபோய், "அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"நான் ஏதோ அசிங்கமா பண்றேன்னு நினைச்சேன். அதான் நீ மூடறேன்னு."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இடுப்பில் செருகிய முந்தானையை அவர் இன்னும் எடுக்கவில்லை. நான் என் மகளைக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை எதையும் மறைப்பதற்காக இல்லை.

அந்த வாரத்தில் இன்னொன்றும் வந்தது. அதுவும் நன்றாகப் பதிவாயிற்று. பிறகு டாக்டர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி எங்களைக் கூப்பிட்டார்கள். இடது கை விறைப்பது மூளையின் வலது பக்கத்தைக் காட்டுகிறது, இ.இ.ஜி. கோடுகளும் அங்கேதான் முதலில் எழும்புகின்றன, தழும்பும் அங்கேதான் இருக்கிறது, மூன்றும் ஒரே இடத்தைச் சொல்கின்றன என்றார் எங்கள் டாக்டர். "இப்போ எனக்கு தைரியமா இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னதில்தான் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடும்போது சரியான இடத்தில்தான் போடுகிறேனா என்று கணவரைக் கேட்டேன்.

கோடை விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. நல்லபடியாக முடிந்தது என்பது போதும். மூன்று வருடம் ஆகிறது, இதுவரை அவளுக்கு வலிப்பு வரவில்லை. மாத்திரையை மெதுவாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். இனி வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் இன்னும் அட்டையை இரண்டு தடவை பார்க்கிறவள்தான். ஆனால் இரவில் தூங்குகிறேன்.

அந்த வருடம் பள்ளி திறந்தபோது தாம்பரம் மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு நீலக் குடை வாங்கிக் கொடுத்தோம். அவளேதான் கேட்டு வாங்கினாள். முடி கொஞ்சம் வளர்ந்ததும் அண்ணி சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். காதுக்கு மேலே ஆபரேஷன் தழும்பு தெரிந்தது.

"வா, தழும்பு தெரியாம படிய வாரி விடறேன்."

"வேணாம் அத்தை. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, முடியை நன்றாகக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கிளிப் போட்டுவிட்டார். "பாக்கட்டும் போ. நல்லா பாக்கட்டும்" என்றார்.

போன மாதம் அவள் பள்ளி ஆண்டு விழாவில் மேடை ஏறினாள். கும்மிப் பாட்டுக்கு ஆட்டம். அடி தப்பினாள், பக்கத்துப் பெண் காலை மிதித்தாள், சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆடினாள். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று அவளைப் பார்த்தார்கள். பழைய பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. அத்தனை கண்களும் அவள் மேல் இருப்பது தெரிந்ததும் என் கை ஒரு நொடி தோளுக்குப் போனது. போன கையால் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோரையும் போல நானும் எழுந்து நின்று என் மகளைக் கண் நிறையப் பார்த்தேன்.